பதினாலுக்கு நாலு

எங்கள் வீட்டு பால்கனி நீளம் 14 அடி, அகலம் 4 அடி. பெருக்கினால் 56 சதுர அடி. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு சென்ட்டில் எட்டில் ஒரு பங்கு. கிழக்கு டெல்லி, மயூர் விஹார், மூன்றாவது மாடி. இன்றைய தேதிக்கு அதில் 34 தொட்டிகள் இருக்கின்றன. துணி காயப்போடப் போகிறவர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டும். இந்த விவசாயத்துக்கு உரிமையாளர் நானில்லை, என் அம்மா. நான் வெறும் கணக்குப்பிள்ளை. பி.காம். படித்து வங்கியில் சேர்ந்து 22 வருஷம் ஆச்சு, வேறென்ன வேலை தெரியும்? :-)

அப்பா போனது 2021-ல். அந்த டிசம்பரில் அம்மாவை திருக்குறள் எக்ஸ்பிரஸில் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தை விட்டு மதுரை தாண்டி வந்ததே அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை. பெட்டியில் புடவை கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் விதை. பழைய வேட்டியைக் கிழித்து முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்தாள். எந்த முடிச்சில் எது என்று எழுதி வைக்கவில்லை, எல்லாம் மனசில். முளைக்கீரை, தண்டங்கீரை, புடலை, அவரை, கொத்தவரை. ஈரத்துணியில் சுற்றிய நாலு பிச்சிக் குச்சி வேறு. நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கும்போது குளிர் எலும்பைத் தொட்டது. அம்மா தன் சால்வையை அந்தக் குச்சிகளுக்குப் போர்த்தினாள்.

"ரெண்டு மாசம் இருப்பேன். மக வீட்டுல அதுக்கு மேல இருந்தா ஊர்ல என்ன சொல்லுவாவ?"

திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். மகன் இல்லாத வீடு எங்களுடையது. நானும் அக்காவும்தான். ஆனாலும் மருமகன் வீட்டில் தங்குவது என்றால் அம்மாவுக்குச் சங்கடம். ரங்கமணி நல்ல மனுஷன். அவர் எவ்வளவு சொன்னாலும் அவர் ஆபீஸ் விட்டு வரும் நேரத்துக்கு அம்மா உள் அறைக்குப் போய்விடுவாள். வாசல் வராண்டாவிலேயே ஆயுசைக் கழித்தவளுக்கு டெல்லியில் கிடைத்த வெளிவெளி அந்த பால்கனி ஒன்றுதான்.

தை பிறந்ததும் முடிச்சை அவிழ்த்தாள். தைப்பட்டம் ஆச்சே! ரங்கமணி வாங்கிப் போட்டிருந்த ரெண்டு தொட்டியில் முளைக்கீரை தூவினாள். ஊரில் மூணாம் நாளே பச்சை தெரியும். இங்கே பத்து நாள் ஆச்சு, பதினைந்து நாள் ஆச்சு, ஒன்றும் வரவில்லை. காலையில் எழுந்தால் எதிர் பில்டிங்கே தெரியாத பனிமூட்டம், ராத்திரி அஞ்சு டிகிரி, அதற்கும் கீழே. கீரை குடும்பம் சூட்டுக்குப் பிறந்தது, இந்தக் குளிரில் மண்ணுக்குள்ளேயே உறங்கிவிடும். அம்மாவுக்கு அது புரியவில்லை. "என் கைராசி போயிட்டு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்க, அப்பா போனதை அவள் எங்கே கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை யமுனைப் படுகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் மெயின் ரோட்டைத் தாண்டி இறங்கினால் ஆற்றுப்படுகை. அதில் கீரை, முள்ளங்கி, காலிபிளவர் என்று பயிர் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. நாற்றும் விற்பார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு நாற்றுக்காரரிடம் அம்மா தன் விதையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. அவர் ஒன்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "சௌலாய்!" என்றார். "மாதாஜி, ஹோலி கே பாத்." ஹோலி முடியட்டும். நான் மொழிபெயர்த்தேன்.

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று அறுபது வருஷமாகத் தலையில் இருந்த கணக்கை மடித்து வைத்துவிட்டு, தானே ரெண்டு பட்டம் கண்டுபிடித்தாள். ஹோலிப் பட்டம், தசராப் பட்டம். ஹோலிப் பட்டத்தில் கீரை, வெண்டை, கத்தரி, கொத்தவரை, புடலை, பாகல், கொடிப்பசலை. தசராப் பட்டத்தில் வெந்தயக்கீரை, பாலக், கொத்தமல்லி, முள்ளங்கி, பட்டாணி, தக்காளி, செவ்வந்தி நீங்கலாக எல்லாப் பூவும். (செவ்வந்திக்கு இங்கே குல்தாவுதி என்று பேர். கோடையிலேயே குச்சி வைத்து வளர்த்தால்தான் கார்த்திகையில் பூக்கும்.) வட இந்தியாவில் தொட்டி வைத்திருக்கும் நம்மவர்களுக்கு நான் சொல்லும் ஒரே யோசனை இதுதான்: ஊர்ப் பஞ்சாங்கத்தைச் சாமி காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், விதைக்க உள்ளூர்க்காரர் வாயைப் பாருங்கள். ஆடிப்பட்டம் மட்டும் இங்கேயும் ஓரளவு கைகொடுக்கும். இங்கே மழை ஜூன் கடைசியில் வந்துவிடுவதால் ஆடியில் போட்ட கொடிகள் ஐப்பசி வரை காய்க்கும்.

வெயில் விஷயம் இன்னொரு வேடிக்கை. எங்கள் ஊரில் சூரியன் வருஷத்தில் ரெண்டு தடவை, சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒன்று, ஆவணியில் ஒன்று, நேர் உச்சிக்கு வரும். டெல்லியில் என்றைக்குமே நேர் உச்சிக்கு வராது. எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும். மார்கழியில் நடுப்பகலிலேயே பாதி உயரத்துக்குக் கீழேதான் நிற்கும். எங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. அதனால் குளிர்காலத்தில் வெயில் பால்கனியைத் தாண்டி ஹாலில் சோபா வரை வரும். ஜூனில் சூரியன் உச்சியை ஒட்டிப் போகும்போது மேல்வீட்டுத் தளம் குடை பிடித்த மாதிரி மறைத்துவிடும். ஆக, தெற்கு பால்கனிக்காரர்களுக்குக் குளிர்காலம்தான் கொண்டாட்டம். பகல் பொழுது டிசம்பரில் பத்தேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல், ஜூனில் கிட்டத்தட்ட 14 மணி நேரம். நம்ம ஊர் செடிக்கும் நம்ம ஊர் மனுஷிக்கும் இது ரெண்டுமே புதுசு. "ஏட்டி, அஞ்சரைக்கெல்லாம் இருட்டிட்டு, ராத்திரிச் சோத்துக்கு இன்னும் எம்புட்டு நேரம் உக்காந்திருக்கது?" என்று முதல் வருஷம் முழுக்க ஒரே புலம்பல்.

சரி, கணக்குப்பிள்ளை வேலைக்கு வருகிறேன். 2022 தசராப் பட்டத்தில் ஆறு தக்காளிச் செடி வைத்தோம். கோகோபீட், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, நாற்று, குச்சி, கயிறு எல்லாம் சேர்த்து 1,640 ரூபாய். டிசம்பர், ஜனவரியில் பூத்ததெல்லாம் குளிரில் உதிர்ந்தது. பிப்ரவரியில் பிஞ்சு பிடித்து ஏப்ரல் வரை காய்த்தது 9 கிலோ 300 கிராம். கிலோ 176 ரூபாய் ஆகிறது. அதே மார்ச்சில் வண்டிக்காரர் 30 ரூபாய்க்குக் கூவிக்கொண்டு போனார். ராத்திரியும் சூடு தணியாத மே மாதத்தில் தக்காளி பிஞ்சு விடாது, ஆகவே பிடுங்கிவிட்டோம். சரியாக அந்த ஜூலையில், 2023-ல், டெல்லியில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது! விலை ஏறும் நாளில் கையில் சரக்கு இருக்காது என்பது பங்குச் சந்தைக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. லாபத்துக்காக யாராவது பால்கனித் தோட்டம் போடுவதாக இருந்தால் பேசாமல் ஆர்.டி. போடுங்கள், நானே பாரம் நிரப்பித் தருகிறேன்.

கீரையும் கறிவேப்பிலையும் கதை வேறு. அதில் நஷ்டமே கிடையாது.

கறிவேப்பிலையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். டெல்லி நர்சரிகளில் 'மீட்டா நீம்' அல்லது 'கடி பத்தா' என்று கேட்டால் தருவார்கள். எங்கள் கன்று அப்படி வாங்கியதுதான். முதல் குளிர்காலத்தில் இலை மஞ்சளாகி எல்லாம் கொட்டி, வெறும் விளக்குமாற்றுக் குச்சியாக நின்றது. எங்கள் வங்கி பாஷையில், ஒரு கடனில் 90 நாள் வட்டியோ அசலோ வராவிட்டால் அது வாராக்கடன். மார்கழி, தை, மாசி என்று 90 நாள் ஒரு இலைகூடத் தராத இதை ரங்கமணி 'என்.பி.ஏ. செடி' என்று பேர் வைத்து, தள்ளுபடி செய்துவிடலாம் என்றார். அம்மா நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை. தண்ணீரைப் பாதியாகக் குறைத்தாள், உரம் நிறுத்தினாள், தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். தூங்குகிற செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும், அவ்வளவுதான் சூட்சுமம். பங்குனியில் கணுவுக்குக் கணு செம்பச்சையாகத் தளிர் வந்தது. நுனியை ஒடித்து ஒடித்துவிட்டாள், புதர் மாதிரி ஆனது. ஊற்றுவது புளித்த மோர்தான். அதனால்தான் வளர்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள், அம்மாவிடம் கேட்டால் ஆமாம் என்பாள்.

அந்தக் கறிவேப்பிலைதான் அம்மாவுக்கு டெல்லியில் பேச்சுத்துணை வாங்கித் தந்தது. கீழ்வீட்டில் ஒரு பஞ்சாபி அம்மா. தொட்டித் தண்ணீர் அவர்கள் துணி மேல் சொட்டுகிறது என்று ஒரு நாள் படியேறி வந்தார். நியாயமான கோபம்தான். அவர் படபடவென்று இந்தியில் பொரிய, அம்மா பதில் பேசாமல் உள்ளே போய் ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடித்துக் கையில் கொடுத்தாள். அன்றைக்கே ரங்கமணி எல்லாத் தொட்டிக்கும் அடித்தட்டு வாங்கி வைத்தார். நாலு நாள் கழித்து அந்த அம்மா கடுகுக்கீரைக் கூட்டும் மக்காச்சோள ரொட்டியும் கொண்டு வந்தார். அதற்குப் பிறகு குளிர்காலத்து மத்தியானங்களில் ரெண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாஷையில் பேசுவார்கள். எப்படிப் புரிகிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர்தான் தொட்டியில் களையாக முளைத்த ஒன்றைக் காட்டி 'பத்துவா' என்று குதித்தார். பார்த்தால் நம்ம சக்கரவர்த்திக் கீரை.

இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. பார்க்கிங் சுவரோரம் குப்பையோடு குப்பையாக ஒரு செடி. அம்மா கீழே இறங்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏட்டி, மணத்தக்காளிட்டீ!" காவலாளி ஓடி வந்து, அது 'மகோய்', காட்டுச்செடி, தொடாதீங்க என்றார். அவர் கண்ணெதிரிலேயே பழத்தை வாயில் போட்டாள். இங்கே அதைக் காய்ச்சலுக்கும் ஈரலுக்கும் மருந்தாகத் தெரியுமே தவிர, சமைப்பவர்களை நான் பார்த்ததில்லை. இப்போது மூணு தொட்டியில் அதுதான். போன வைகாசியில் வத்தல் போட்டாள். மோரில் ஊறப்போட்டு, பெட்ஷீட்டில் பரப்பி, 45 டிகிரி வெயிலில் ரெண்டே நாளில் சருகாகிவிட்டது. டெல்லி வெயிலுக்கும் ஒரு பிரயோசனம் உண்டு. :-)

வெயில் என்றதும் 2024 ஞாபகம் வருகிறது. அந்த மே 29-ஆம் தேதி சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி. இங்கே 'லூ' என்று ஒரு அனல்காற்று அடிக்கும், இலையை நின்ற நிலையில் வறுத்துவிடும். பச்சை வலை கட்டி, பெரிய தொட்டிகளின் இடுக்கில் சின்னதை வைத்து, மேலே காய்ந்த சருகு மூடாக்குப் போட்டு, காலை ஆறுக்கு முன்னும் சாயங்காலமும் ரெண்டு வேளை தண்ணீர். பிளாஸ்டிக் தொட்டிகள் கொதித்தன, மண் தொட்டிகள் வியர்த்துக் குளிர்ந்தன. ஆனால் மண் தொட்டி கனம். 12 அங்குலத் தொட்டி ஈர மண்ணோடு 20 கிலோவுக்குக் குறையாது. பால்கனிக்காரர்கள் பெரியதைச் சுவரோரமாகத் தரையிலேயே வைத்து, மண்ணில் பாதி கோகோபீட் கலந்துகொள்வது நல்லது. கைப்பிடிச் சுவர் மேல் ஒன்றும் வேண்டாம், கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு விடச் சொல்வார்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும், அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் போதும்.

பிச்சிக் குச்சி நாலில் ஒன்று பிழைத்தது. இங்கே 'சமேலி' என்று நர்சரியில் கிடைப்பதும் அதே ஜாதிதான், இருந்தாலும் ஊரிலிருந்து வந்தது வந்ததுதானே. ஆனி, ஆடியில் சாயங்காலம் பத்து இருபது மொட்டு. கோவில் வாசலில் வாங்கினால் முழக்கணக்கு கிடையாது, விரல்கணக்குதான். அம்மா அந்த இருபது மொட்டையும் வாழைநார் இல்லாமல் தையல் நூலில் கட்டி என் மகள் தலையில் வைப்பாள். பதினொன்றாம் வகுப்புப் பெண், ஜீன்ஸுக்குப் பிச்சிப்பூ. கழற்றிப் போடாமல் டியூஷனுக்குப் போகிறாள், அது வரைக்கும் சந்தோஷம்.

2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டருக்கு ஏறியது. 1978 வெள்ளத்தையும் தாண்டிய அளவு. படுகைக் குடும்பங்கள் எல்லாம் மெயின் ரோட்டோரம் கூடாரம் போட்டு, மாடுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நம்ம நாற்றுக்காரரின் குடிசை, நாற்று, விதை எல்லாம் தண்ணீரோடு போனது. ஊரில் தாமிரபரணி வெள்ளம் பார்த்த அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வடிந்து புரட்டாசியில் அவர் திரும்பப் படுகைக்குப் போனபோது, அம்மா தன் டப்பாவிலிருந்து பாலக், வெந்தயம், சௌலாய் என்று ஆளுக்கொரு கைப்பிடி விதை பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வயலுக்கு அது எந்த மூலைக்கு? அவர் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அம்மா கிளம்பும்போது ஒரு ஆள் உயரத்துக்கு வாழைக்கன்றைத் தூக்கிக் கொடுத்தார். அதை மூன்றாவது மாடி பால்கனியில் எங்கே வைப்பது? சொசைட்டி பின்பக்கம் நட்டிருக்கிறோம்.

இதற்கிடையில் ரெண்டு மாசம் என்று வந்தவள் ரெண்டு வருஷம், மூணு வருஷம் என்று இருந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும், "புடலை காய்ச்சு முடியட்டும்", "இந்த வெந்தயக்கீரையைக் கிள்ளிட்டுப் போறேன்". நான் டிக்கெட் பற்றிப் பேச்செடுப்பதே இல்லை.

போன மே மாதம் எனக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தது. ஜெய்ப்பூர். வங்கிக்காரர் வீடுகளில் இது புதுசு இல்லை, எனக்கு இது ஏழாவது ஊர். ரங்கமணிக்கு நொய்டாவில் வேலை, மகளுக்கு அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. ஆகவே நான் மட்டும் போவது என்று முடிவானது. கவலை அம்மாவைப் பற்றித்தான். மகளே இல்லாத வீட்டில், மருமகனோடு அம்மா தங்குவதாவது! என்னோடு வா என்றால், ஆபீஸ் விட்டு ராத்திரி எட்டு மணிக்கு வருகிறவளுக்காக ஒற்றை அறையில் பூட்டிய கதவுக்குள் எப்படி இருப்பாள்? மிச்சம் ஊர் வீடுதான். அப்பா இல்லாத வீடு. அக்கா இருப்பது மஸ்கட்டில்.

ராத்திரி சாப்பாடு முடிந்து ரங்கமணி, "அத்தை, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். அம்மா உள் அறையில் நின்றபடியே, முகம் காட்டாமல் பதில் சொன்னாள். "மாப்பிள்ளைக்குச் சங்கடம் இல்லன்னா நான் இங்கனயே இருக்கேன். வெயில் காலத்துல ஒருவேளை தண்ணி விட்டாலும் எல்லாம் கரிஞ்சிரும். பிள்ளைக்கும் சோறு பொங்கணும்லா?"

ஊர்ல என்ன சொல்லுவாவ என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் பத்தாம் தேதி ஜெய்ப்பூரில் சேர்ந்தேன். அம்மா புதினா ஒரு தொட்டியும், மணத்தக்காளி நாற்று ரெண்டும் கொடுத்துவிட்டாள். மாசம் ரெண்டு தடவை ரயிலேறுகிறேன். தினமும் ராத்திரி ஒன்பதுக்கு போன். நான் விசாரிக்கிற முன்னாலேயே அறிக்கை வந்துவிடும். புடலை மூணு பிஞ்சு, கல் கட்டித் தொங்கவிட்டாச்சு. கொடிப்பசலை மாடித் தளத்தைத் தொட்டாச்சு. வெண்டையில் மாவுப்பூச்சி, வேப்பெண்ணெய் அடிச்சாச்சு. நேற்றைக்கு ரங்கமணி போனை வாங்கி, "அத்தை இப்ப ஹால்ல உக்காந்து சீரியல் பாக்குறாங்க" என்று ரகசியமாகச் சொன்னார்.

பி.கு: கறிவேப்பிலை காய்த்திருக்கிறது, பழம் கறுக்கத் தொடங்கிவிட்டது. அந்த விதையைக் காயவைத்து எடுத்து வைத்தால் முளைக்காது. பறித்த சூட்டோடு சதையைக் கழுவி உடனே ஊன்ற வேண்டும். அம்மா 30 பாக்கெட்டில் மண் நிரப்பி வைத்திருக்கிறாள். மயூர் விஹார், நொய்டா பக்கத்து நம்மவர்கள் யாருக்காவது கன்று வேண்டுமானால் ஹோலி முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளலாம். பழைய தொட்டி ஒன்று கொண்டுவந்தால் உத்தமம். குளிர்காலத்தில் இலை கொட்டியதும் தூக்கிப் போட மாட்டோம் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.